ஓய்வூதிய வாரியத்தில் யார் உட்காரலாம், யார் உட்காரவைக்கலாம்?

கலிஃபோர்னியாவில் கவுண்டி, நகராட்சி, போக்குவரத்து நிறுவனம் போன்ற பொது அமைப்புகளில் வேலை செய்யும் வாசகர்கள் தங்கள் ஓய்வூதிய நிதியை நிர்வகிக்கும் வாரியமான ரிட்டயர்மென்ட் போர்டைப் பற்றிக் கேட்ட கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எங்கள் பதில்கள் கலிஃபோர்னியாவுக்கு மட்டுமே பொருந்தும். மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு.

கேள்வி: கவுண்டியில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் ஓய்வூதிய வாரியத்தில் ஒன்பது பேர் என்கிறார்கள். அவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஊழியர்களுக்கு எத்தனை இடம்?

உங்கள் கவுண்டி, 1937-ஆம் ஆண்டின் கவுண்டி ஊழியர் ஓய்வூதியச் சட்டத்தின் கீழ் வரும் 20 கவுண்டிகளில் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறோம். லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு, அலமீடா, கான்ட்ரா கோஸ்டா எல்லாம் இதில் அடக்கம். இந்தச் சட்டத்தில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதல் நாற்காலி கவுண்டி கருவூல அதிகாரிக்கு. அவர் பதவி வழியாகவே உறுப்பினர். இரண்டும் மூன்றும் பொது ஊழியர்கள், அதாவது பாதுகாப்புப் பிரிவில் சேராத ஊழியர்கள், வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவை. ஏழாவது, ஷெரிஃப் துறை, தீயணைப்புத் துறை போன்ற பாதுகாப்புப் பிரிவினர் தேர்ந்தெடுப்பது. எட்டாவது, ஓய்வு பெற்றவர்கள் தேர்ந்தெடுப்பது. மீதமுள்ள நான்கு, ஐந்து, ஆறு, ஒன்பது ஆகியவை கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழு நியமிப்பவை. இந்த நான்கு பேரும் கவுண்டியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும், கவுண்டி நிர்வாகத்தோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு விலக்கு: நால்வரில் ஒருவர் மேற்பார்வையாளராகவே இருக்கலாம். பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு மாற்று உறுப்பினரும் உண்டு. பதவிக்காலம் மூன்று ஆண்டு. சில கவுண்டிகளுக்கென்று சட்டத்தில் தனிப் பிரிவுகள் இருப்பதால், உங்கள் வாரியத்தின் துணைவிதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆக ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் தேர்ந்தெடுப்பவர்கள் நால்வர், குழு நியமிப்பவர்கள் நால்வர், நடுவே கருவூல அதிகாரி. எந்தத் தரப்பும் தனியாக ஜெயிக்க முடியாத அமைப்பு இது.

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய குடிநீர் மாவட்ட ஊழியர்கள். எங்கள் ஓய்வூதியம் கலிஃபோர்னியப் பொது ஊழியர் ஓய்வூதிய அமைப்பான கால்பெர்ஸில் இருக்கிறது. எங்கள் இயக்குநர் குழு வாரிய உறுப்பினரை எப்போது நியமிக்கும்?

நியமிக்காது. கால்பெர்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்ட அமைப்புக்குத் தனி ஓய்வூதிய வாரியம் கிடையாது. சாக்ரமெண்டோவில் உள்ள 13 பேர் கொண்ட கால்பெர்ஸ் நிர்வாக வாரியமே உங்கள் வாரியம். அதில் ஆறு பேரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், மூன்று பேர் நியமிக்கப்படுகிறார்கள், நான்கு பேர் பதவி வழியாக வருகிறார்கள். தேர்ந்தெடுக்கப்படும் ஆறில் ஓர் இடம் உங்களைப் போன்ற உள்ளூர் பொது அமைப்பு ஊழியர்களுக்கு உரியது. எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவான இரண்டு இடங்களுக்கும் உங்களுக்கு வாக்கு உண்டு. வாக்குச்சீட்டு வீட்டு முகவரிக்கு வரும். அதை விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குடியுரிமை இன்னும் வரவில்லை, கிரீன் கார்டு மட்டும் இருக்கிறது. வாரியத்தில் சேர முடியுமா?

எந்த நாற்காலி என்பதைப் பொறுத்தது. 2020 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் 18 வயது நிரம்பிய, மாநிலத்தில் வசிக்கும் எவரும், குடியுரிமை எதுவாக இருந்தாலும், நியமனப் பதவி வகிக்கலாம். பொது விதி இதுதான். ஆனால் 1937 சட்டத்தின் நான்கு, ஐந்து, ஆறு, ஒன்பதாம் நாற்காலிகளுக்குக் 'கவுண்டி வாக்காளர்' என்று தனித் தகுதி எழுதப்பட்டிருக்கிறது. குடியுரிமை இல்லாமல் வாக்காளராக முடியாது என்பதால் அந்த நான்கும் உங்களுக்கு இப்போது கிடைப்பது சந்தேகம். ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டாம், மூன்றாம் நாற்காலிகளுக்கு ஓய்வூதியத் திட்ட உறுப்பினராக இருக்க வேண்டும். ஆனால் 2020-இன் மாற்றம் நியமனப் பதவிகளுக்கு மட்டுமே என்பதால், தேர்ந்தெடுக்கப்படும் இந்த இடங்களுக்குக் குடியுரிமை தேவையா என்று வாரியத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பப் படிவத்தில் 'குடியுரிமை' என்ற கட்டம் பழைய காலத்திலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த நாற்காலிக்கு அது உண்மையிலேயே தேவையா என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: நகர மன்றத்தின் க்ளார்க் அலுவலகத்தில் இருக்கிறேன். மன்றம் நியமித்த ஓய்வூதிய வாரிய உறுப்பினர் ஒருவர் பதவிக்காலம் முடியும் முன்பே விலகிவிட்டார். அடுத்தவரை நியமிக்க என்னென்ன செய்ய வேண்டும்? எதில் தவறு வரும்?

முதலில் விலகல் கடிதம் கைக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்னதும், வாரியச் செயலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலும் மட்டும் போதாது. நியமித்த மன்றத்துக்கே எழுத்தில் வர வேண்டும். காலியிடம் பிறந்த தேதி இதிலிருந்துதான் வருகிறது. பின்னால் வரும் கெடுக்கள் எல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

அடுத்தது மேடி சட்டம். கவுண்டிகளும் நகரங்களும், அடுத்த ஆண்டில் காலாவதியாகும் நியமனப் பதவிகளின் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் வெளியிட வேண்டும். பதவியில் இருப்பவர் பெயர், நியமன தேதி, முடியும் தேதி, தேவையான தகுதி எல்லாம் அதில் இருக்கும். இடையில் எதிர்பாராமல் காலியானால், காலியான நாளுக்கு 20 நாள் முன்னோ பின்னோ, அந்த எல்லைக்குள் சிறப்பு அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு குறைந்தது 10 வேலை நாள் கழிந்தால்தான் இறுதி நியமனம் செய்யலாம். வேலை நாள் என்பதைக் கவனியுங்கள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கழித்தால் குறைந்தது இரண்டு வாரம் ஆகிவிடும். வியாழக்கிழமை ஒட்டிவிட்டு அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நியமித்தால் அந்த நியமனம் கேள்விக்குள்ளாகும். அவசரம் என்று மன்றம் தீர்மானித்தால் தற்காலிகமாக ஒருவரை அமர்த்தலாம். ஆனால் 10 வேலை நாள் கடந்து முறைப்படி நியமனம் நடக்கும் வரைதான் அது.

பிறகு தீர்மானம். அதில் இருக்க வேண்டியவை: நாற்காலியின் எண் அல்லது பெயர், எந்தச் சட்டப் பிரிவின் அல்லது நகர விதியின் கீழ் நியமனம், யாருக்குப் பதிலாக, தொடங்கும் தேதி, முடியும் தேதி, முழு உறுப்பினரா மாற்று உறுப்பினரா. மிக அதிகமாகப் பிழை நடப்பது முடியும் தேதியில். விலகியவருக்கு 14 மாதம் மீதி இருந்தால் புதியவருக்கும் அந்த 14 மாதம்தான். பழைய தீர்மானத்தை நகலெடுத்து 'நான்கு ஆண்டு' என்று போட்டுவிட்டால், ஒன்றுவிட்டு ஒன்றாக முடியும்படி அடுக்கிவைத்த பதவிக்காலங்கள் குலைந்துபோகும். சில வருடம் கழித்து ஒரே மாதத்தில் பாதி வாரியம் காலியாகும்.

கூட்ட நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் 'நியமனங்கள்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். எந்த வாரியம், எந்த நாற்காலி, என்ன நடவடிக்கை என்று எழுதுங்கள். உள்ளூர் பொது அமைப்புகளின் கூட்டங்கள் திறந்தவையாக நடக்க வேண்டும் என்னும் பிரவுன் சட்டம் 20 சொல்லுக்கு மேல் கேட்பதில்லை, அதற்குள் இவ்வளவும் அடங்கும்.

தீர்மானம் நிறைவேறியதும் சான்றளித்த நகல் வாரியச் செயலாளருக்குப் போக வேண்டும், நியமிக்கப்பட்டவர் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்ட தாள் கோப்பில் சேர வேண்டும். உறுதிமொழி எடுக்காமல் முதல் கூட்டத்தில் வாக்களித்துவிட்டால் அந்த வாக்கை யாரும் எதிர்த்துக் கேட்கலாம். இதில் சோம்பல் கூடாது. ஒருவருடைய ஊனமுற்றோர் ஓய்வூதிய விண்ணப்பம் ஒரே வாக்கில் முடிவாகலாம். உங்கள் கோப்பில் ஒரு தாள் இல்லாததால் அது திரும்ப விசாரணைக்கு வரும் நிலை நேரக் கூடாது.

கேள்வி: விண்ணப்பித்தவர்களை மூடிய அறையில் நேர்காணல் செய்யலாமா? வெளியில் கேட்டால் சங்கடப்படுவார்கள்.

கூடாது. பணியாளர் விவகாரங்களுக்காக மூடிய கூட்டம் நடத்தலாம் என்ற விலக்கு, ஊழியர்களுக்கு உரியது. வாரிய உறுப்பினர் ஊழியர் அல்ல. நேர்காணலும் விவாதமும் வாக்கும் திறந்த கூட்டத்தில்தான். துண்டுச் சீட்டில் பெயர் எழுதி எண்ணுவதும் கூடாது. ரகசிய வாக்கை பிரவுன் சட்டம் தடை செய்கிறது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை அந்தக் கூட்டத்திலேயே அறிவிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பொது அமைப்பின் நிதித் துறையில் வேலை செய்கிறேன். நிர்வாகத் தரப்பின் இடத்துக்கு என்னை நியமித்திருக்கிறார்கள். 'நம் பட்ஜெட்டை மனதில் வைத்து வாக்களியுங்கள்' என்று மேலாளர் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

சரியில்லை. இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

1992 நவம்பரில் கலிஃபோர்னிய மக்கள் 162-ஆம் முன்மொழிவை நிறைவேற்றி மாநில அரசியல் சாசனத்தின் 16-ஆம் அதிகாரம் 17-ஆம் பிரிவைத் திருத்தினார்கள். நிதியின் முதலீடும் நிர்வாகமும் முழுக்க முழுக்க வாரியத்தின் பொறுப்பு என்று அது சொல்கிறது. வாரியம் மூன்று காரியங்களை நோக்கிச் செயல்பட வேண்டும்: உறுப்பினர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் ஓய்வூதியம் தருவது, முதலாளி கட்டும் தொகையைக் குறைவாக வைப்பது, நிர்வாகச் செலவை நியாயமாக வைப்பது. உங்கள் மேலாளர் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் அதே பிரிவு, உறுப்பினர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் வாரியம் செய்ய வேண்டிய கடமை மற்ற எல்லாக் கடமைக்கும் முந்தியது என்றும் சொல்கிறது. யூனியன் அனுப்பிய உறுப்பினருக்கும் இதே விதிதான். நாற்காலியில் உட்காரவைத்தவர் யார் என்பது, நீங்கள் யாருக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை மாற்றாது.

நடைமுறையில் இது எங்கே உரசும் என்றால், வட்டி அனுமானத்தில். நிதி எதிர்காலத்தில் எத்தனை சதவீதம் ஈட்டும் என்று வாரியம் ஓர் எண்ணை ஏற்றுக்கொள்கிறது. கால்பெர்ஸ் 2021-இல் அதை 6.8 சதவீதமாகக் குறைத்தது. ஏன் இவ்வளவு சண்டை என்பதற்கு ஒரு கணக்கு: இருபது வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய 100 டாலருக்கு, 7 சதவீதம் கிடைக்கும் என்று நம்பினால் இன்று 25.84 டாலர் எடுத்து வைத்தால் போதும். 6.5 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டால் 28.38 டாலர் வேண்டும். அரை சதவீத மாற்றத்துக்குக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கூடுதல். அந்தக் கூடுதலின் பெரும் பகுதி உங்கள் அமைப்பின் பட்ஜெட்டில் இருந்துதான் வரும். மேலாளர் கவலைப்படுவது இதற்காகத்தான். கவலை நியாயமானது, ஆனால் அதைத் தீர்க்கும் இடம் வாரியத்தின் வாக்கு அல்ல. ஓய்வூதியக் கணக்கைப் போடும் நிபுணரான ஆக்சுவரி ஓர் எண்ணைப் பரிந்துரைத்து, வேறு காரணம் எதுவும் இல்லாமல் பட்ஜெட்டுக்காக நீங்கள் அதை நிராகரித்தால், இன்று மிச்சமாகும் பணம் பற்றாக்குறையாகச் சேர்ந்து வட்டியோடு திரும்பி வரும்.

சான் டியேகோவில் இதுதான் நடந்தது. 2002-இல் நகரம் ஊழியர்களின் ஓய்வூதியப் பலன்களைக் கூட்டித் தர முன்வந்தது. ஆனால் ஆக்சுவரி சொன்ன தொகையைவிடக் குறைவாகக் கட்ட ஓய்வூதிய வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. வாரியம் ஒப்புக்கொண்டது. பலன் கூடும் ஊழியர்களில் பலர் அதே வாரியத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் சொந்த ஆதாயம் கலந்த ஒப்பந்தத்துக்கு வாக்களித்ததாக, அரசுச் சட்டத் தொகுப்பின் 1090-ஆம் பிரிவின் கீழ், முன்னாள் உறுப்பினர்கள் ஆறு பேர் மீது 2005-இல் குற்றவியல் வழக்கு வந்தது. 2010-இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் ஐந்து பேரை விடுவித்தது. அவர்களுக்குக் கிடைத்த ஆதாயம் எல்லா ஊழியர்களுக்கும் பொதுவாகக் கிடைத்த ஒன்று என்பதே காரணம். ஆறாவது நபர் தொழிற்சங்கத் தலைவர். அவருடைய பதவிக்கென்றே தனியாக வடிவமைத்த பலன் ஒன்று அந்த ஏற்பாட்டில் இருந்ததால் அந்த விலக்கு அவருக்குப் பொருந்தாது என்றது நீதிமன்றம். விடுவிக்கப்பட்டவர்களும் ஐந்து வருடம் குற்றவியல் வழக்கோடு வாழ வேண்டியிருந்தது. இதற்கிடையில் 2004-இல் நகர வாக்காளர்கள் நகர சாசனத்தைத் திருத்தி, வாரியத்தின் 13 இடங்களில் 7 இடங்களை நகரத்தோடு தொடர்பில்லாத, நிதித் துறை அனுபவம் உள்ளவர்களுக்கு ஒதுக்கினார்கள்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய சோதனை எளிது. ஒரு தீர்மானத்தால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது, அது எல்லோருக்கும் அதே விதத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பதவிக்கு மட்டும், உங்கள் பிரிவுக்கு மட்டும் என்று எதுவும் தனியாக இருந்தால், விவாதம் தொடங்கும் முன்பே வாரிய வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். 1090 வழக்குகளில் வாக்களிக்காமல் ஒதுங்குவது மட்டும் பல நேரம் காப்பாற்றாது. மேலாளரிடம் என்ன சொல்வது என்றால், 'பட்ஜெட் விளைவை விளக்க நிர்வாகத்தின் சார்பில் யாராவது கூட்டத்துக்கு வந்து பேசட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்' என்று சொல்லுங்கள். அது முறையான வழி.

கேள்வி: எங்கள் வாரியத்தில் நான்கு இடம்தான். நிர்வாகத்துக்கு இரண்டு, யூனியனுக்கு இரண்டு. சமமாகப் பிரிந்தால் என்ன ஆகும்?

முதலில் சமன் பிரிவதைவிட அடிக்கடி வரும் சிக்கலைச் சொல்கிறோம். ஓர் இடம் காலி, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கூட்டமே நடக்காது. குறைந்தபட்ச வருகை பொதுவாக மொத்த இடங்களில் பாதிக்கு மேல் என்று கணக்கிடப்படும், நிரப்பிய இடங்களில் அல்ல. நான்குக்கு மூன்று, ஒன்பதுக்கு ஐந்து. அதனால் மாற்று உறுப்பினரை ஒவ்வொரு தரப்பும் முன்கூட்டியே நியமித்து வைப்பது நல்லது. மாற்று உறுப்பினர் எல்லாக் கூட்டத்துக்கும் வரலாம், ஆவணங்களைப் படிக்கலாம். ஆனால் தன் தரப்பின் உறுப்பினர் இல்லாதபோது மட்டுமே வாக்கு. சமன் பிரிந்தால் தீர்மானம் தோற்றதாகத்தான் பொருள். நடுவரிடம் போகும் வழி உண்டா என்பது உங்கள் ஓய்வூதிய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் அடுத்த பேச்சுவார்த்தையில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: நியமனம் முடிந்தது. நான் முதலில் செய்ய வேண்டியது என்ன?

உறுதிமொழி. பிறகு ஃபார்ம் 700 எனப்படும் சொத்து, வருமான அறிவிப்பு. பொறுப்பேற்ற 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், பின் ஒவ்வோர் ஆண்டும், விலகும்போதும் மறுபடி. ஓய்வூதிய நிதியின் முதலீட்டை நிர்வகிப்பதால் முழு அறிவிப்புப் பிரிவில் வருவீர்கள். பங்குச் சந்தையில் நீங்கள் வைத்திருக்கும் தனிப் பங்குகள், வாழ்க்கைத் துணையின் வருமானம், வாடகைக்கு விட்ட வீடு எல்லாம் கணக்கில் வரலாம். தாமதமானால் நாளுக்கு 10 டாலர், அதிகபட்சம் 100 டாலர் அபராதம். தொகை சிறிதுதான், ஆனால் தாமதித்தவர் பெயர் பொதுப் பதிவில் நிற்கும்.

ஏற்கெனவே வேறு பொதுப் பதவி வகிக்கிறீர்களா என்று இப்போதே பாருங்கள். ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு பதவிகளை ஒருவர் வகித்தால், இரண்டாவதை ஏற்ற கணமே முதல் பதவி பறிபோகும். விலகல் கடிதம் கூடத் தேவையில்லை.

1937 சட்ட வாரியம் என்றால் முதல் இரண்டு ஆண்டுக்குள் 24 மணி நேரப் பயிற்சி, அதற்குப் பின் ஒவ்வோர் இரண்டு ஆண்டுக்கும் மறுபடி 24 மணி நேரம். பொறுப்புக் கடமை, முதலீடு, ஆக்சுவரி கணக்கு, ஊன மதிப்பீடு, நியாயமான விசாரணை ஆகியவை பாடங்கள். கடைசி இரண்டையும் பலர் ஒதுக்கிவிட்டு முதலீட்டு மாநாடுகளுக்கு மட்டும் போகிறார்கள். அது தவறு. முதலீட்டில் உங்களுக்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முதுகெலும்பு அடிபட்ட ஒருவருடைய மருத்துவ அறிக்கையைப் படித்து, அது வேலையால் வந்ததா என்று முடிவு செய்யும்போது உங்கள் வாக்கை வேறு யாரும் போட முடியாது.

சட்டப்படியான பயிற்சிக்கு முன்பே கடைசி மூன்று ஆக்சுவரி மதிப்பீட்டு அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நிதியின் சொத்து, கொடுக்க வேண்டிய பொறுப்பில் எத்தனை சதவீதம், பற்றாக்குறையை எத்தனை ஆண்டில் அடைக்கத் திட்டம், அனுமானங்கள் ஏன் மாறின என்ற மூன்றை மட்டும் தேடினாலும் முதல் கூட்டத்தில் மற்றவர்கள் பேசுவது புரியும். இன்னொன்று: சக உறுப்பினர்களிடம் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பேசி ஒரு விஷயத்தில் பெரும்பான்மை சேர்த்தால் அதுவே சட்டவிரோதக் கூட்டம். வாட்ஸாப் குழுவும் அப்படித்தான்.

கேள்வி: வாரியத்தில் எங்கள் இயக்குநர் குழு விரும்பாதபடி வாக்களித்த உறுப்பினரை அவர்கள் உடனே நீக்க முடியுமா?

பதவிக்காலம் சட்டத்தில் எழுதப்படாத பதவியை, நியமித்தவர் விருப்பம் உள்ளவரைதான் வகிக்க முடியும் என்பது மாநிலத்தின் பொது விதி. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் வாரியத்தை உருவாக்கிய சட்டமோ விதியோ ஆண்டுக் கணக்கைச் சொல்கிறதா என்பதை. சொல்லியிருந்தால் பிடிக்காத வாக்குக்காக நடுவில் நீக்குவது கடினம். சொல்லவில்லை என்றால் அந்த உறுப்பினருக்குப் பாதுகாப்பு குறைவு. அப்படிப்பட்ட வாரியங்களில் பதவிக்காலத்தை எழுதிச் சேர்க்கும்படி ஊழியர்கள் கேட்க வேண்டும்.

காலம் முடிந்தும் புதியவரை நியமிக்காமல் இழுத்தடித்தால், பழையவர் தகுதியுள்ள வாரிசு வரும்வரை தொடர்ந்து பணியாற்றலாம், வாக்கும் செல்லும். மாறாக, உடல்நலக் குறைவோ அனுமதி பெற்ற வெளிமாநிலப் பயணமோ இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் கடமையைச் செய்யாமல் விட்டால் அந்த இடம் தானாகவே காலியாகிறது. வராத உறுப்பினரை என்ன செய்வது என்று கேட்டு எழுதிய மற்ற இரு வாசகர்களுக்கும் இதுவே பதில்: வருகைப் பதிவேட்டின் நகலை எடுத்து, நியமித்த மன்றத்தின் க்ளார்க்குக்கு எழுதுங்கள்.